சைக்கிள் கம்பியும் ஓ நெகட்டிவும்

பத்மாசினிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை அவளே மறுக்கமாட்டாள். பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தவள். தகப்பன் முத்துக்குமாரு பாய்க்கப்பலில் போய்வந்தவர், வீட்டுக்குள்ளும் காற்றோடு போட்டிபோட்டுக் கதைக்கிற மனிதர். மகளுக்கும் அந்தத் தொண்டை வாய்த்துவிட்டது. ஆனால் கோபமெல்லாம் ஆட்களோடுதான். இலக்கங்களுக்கும் அட்டவணைகளுக்கும் முன்னால் உட்கார்ந்துவிட்டால், அவளைப்போல ஒரு பொறுமைசாலியைக் குடாநாட்டில் விளக்குப் பிடித்துத் தேடினாலும் காணமுடியாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிமாதம் வரை அவள் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணினிப் பிரிவில் இருந்தாள். கம்பனி சேர்த்து வைத்திருந்த மலையளவு தகவலில் இருந்து, கேட்டதைக் கேட்ட கையோடு எடுத்துக் கொடுக்கும் புரோகிராம்களை எழுதுவது அவள் வேலை. ஆடியில் தமிழர் வீடுகள் எரிந்தன. ஒரு பள்ளிக்கூட முகாமில் கிடந்து, பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினாள். கையில் ஒரே ஒரு பை, அதில் பாதி உடுப்பு, பாதி புத்தகம். "நல்ல சீலையளை விட்டிட்டுப் புத்தகத்தைக் கொண்டந்திருக்கிறாள்" என்று தாய் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டார்.

அந்தப் புத்தகங்களுக்கு வேலை வர மூன்று வருடம் சென்றது. மானிப்பாயில் தட்டெழுத்து நிலையம் நடத்திய சண்முகநாதனுக்கு, லண்டனில் இருந்த தம்பி ஒரு கணினியை அனுப்பி வைத்தான். சண்முகநாதன் பெட்டியைப் பிரித்தார், திரையைத் துடைத்தார், சந்தனப்பொட்டு வைத்து ஊதுபத்தியும் கொளுத்தினார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. யாரோ சொல்லக் கேட்டு, பருத்தித்துறைக்கு பஸ் ஏறிவந்து பத்மாசினியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அவளும் மானிப்பாயில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து, வகுப்பைத் தொடங்கினாள்.

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். வெளிநாட்டுக்குப் போகப்போகிறவனுக்குக் கணினிச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் நல்லதுதானே என்று பெற்றோரும் அனுப்பினார்கள். வந்தவர்களுக்கு விசைகளைத் தட்டிப் பார்க்கத்தான் ஆசை. பத்மாசினி விட்டால்தானே. முதல் கிழமை முழுவதும் கரும்பலகையும் வெண்கட்டியும்தான். தகவலைப் பிரித்துச் சேமிக்கும் டீபேஸ் என்ற மென்பொருளை அவள் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் எந்தத் தகவலை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்று கீறிக் காட்டாத எவரையும் கணினிக்கு அருகே அண்ட விடமாட்டாள்.

"முதல் கேள்வியைப் பிடியுங்கோ," என்பாள். "உதை வைச்சு நாளைக்கு ஆர் என்னத்தைக் கேக்கப்போகினம்? அது தெரிஞ்சால் பெட்டி தானா வரும். பெட்டியைக் கீறிப்போட்டுப் பேந்து கேள்வியைத் தேடினால் தலையிடிதான் மிச்சம்."

கேள்வி பிடிக்காமல் பெட்டி கீறியவர்களுக்கு நல்ல பேச்சு விழும். அழுதுகொண்டு போனவர்களும் உண்டு. உடுவிலில் இருந்து சைக்கிளில் வந்த குணலட்சுமி மட்டும் ஒருநாளும் அழவில்லை. பேச்சு முடியும்வரை பேசாமல் நின்றுவிட்டு, "சரி ரீச்சர், இப்ப பிழை எதிலை எண்டு சொல்லுங்கோ" என்று கேட்பாள். அந்த ஒரு குணத்துக்காகவே பத்மாசினி அவளைத் தனக்கு உதவியாளாக வைத்துக்கொண்டாள். குணலட்சுமிக்குக் கலியாணம் நடந்தது, தோட்டம் செய்யும் தம்பிஐயா மாப்பிள்ளையாக வந்தார், ஒரு பெண் பிள்ளையும் பிறந்தது. அப்போதும் அவள் வேலைக்கு வருவதை விடவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் நின்றது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை வந்தது. சண்முகநாதன் கணினியை ஒரு வெள்ளை வேட்டியால் மூடிக் கட்டி வைத்துவிட்டு, பழைய தட்டெழுத்துப் பொறிகளை மறுபடியும் வெளியே எடுத்தார். பத்மாசினிக்கு அந்த வேட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. படித்ததெல்லாம் போயிற்று, தன் வேலை இனி உலகத்தில் இல்லை என்றே நினைத்தாள். சில கிழமைகள் ஒருவரோடும் கதைக்காமல் அறைக்குள்ளேயே இருந்தாள். அவள் கதைக்காமல் இருந்ததுதான் அயலில் பெரிய புதினம்.

அந்த அறைக்கு ஒருநாள் டொக்டர் சிவசுப்பிரமணியம் வந்தார். மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையை அவர் நடத்திக்கொண்டிருந்தார். முன்பு அவருக்காக, இரத்தம் கொடுப்பவர்களின் விபரத்தைப் பத்மாசினிதான் கணினியில் ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

"பிள்ளை, குளிர்ப்பெட்டிக்கு எஞ்சின் போட எண்ணெய் இல்லை. இரத்தத்தை எடுத்து வைச்சிருக்கேலாது. இனி அது ஆக்களுக்குள்ளைதான் இருக்கவேணும். தேவைப்படேக்கை ஆளைக் கூட்டியாறதுதான் வழி. ஆரைக் கூட்டியாறது எண்டதை நீர்தான் சொல்லவேணும்."

"அந்தக் கணினி வட்டுக்குள்ளை கிடக்கிறவையிலை பாதிப்பேர் கனடாவிலை, டொக்டர்."

"அப்ப புதுசாத் துவங்கும்," என்றார் அவர்.

கணினி இல்லாமல் எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்க வாய் வந்ததுதான். அதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. கொழும்பில் பழஞ்சாமான் அறை ஒன்றில், கணினி வருவதற்கு முந்திய காலத்து மட்டைகளை அவள் கண்டிருக்கிறாள். விளிம்பு நெடுகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொருள். ஒரு ஆளுக்கு அந்தக் குணம் இருந்தால், அவருடைய மட்டையில் அந்தத் துளைக்கும் விளிம்புக்கும் நடுவே வெட்டித் திறந்துவிடுவது. பிறகு எல்லா மட்டைகளையும் ஒன்றாக அடுக்கி, துளைக்குள் கம்பியைக் கோத்துத் தூக்கினால், வெட்டிய மட்டைகள் மட்டும் கீழே விழும். மற்றவை கம்பியில் தொங்கும். கேள்வி கேட்டால் மறுமொழி வருவதற்கு மின்சாரம்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

மட்டைக்கு ஓர் அச்சகத்தில் மிஞ்சிக் கிடந்த கலியாண அழைப்பிதழ்த் தாள் அகப்பட்டது. மூலையில் கும்பமும் மாவிலையும் பொன்னிறத்தில் அச்சடித்திருந்தது. கம்பிக்கு சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்று போதுமாயிருந்தது. குணலட்சுமி துளை போட்டாள், பத்மாசினி வெட்டினாள். பஞ்சலிங்கம் என்ற வாலிபனும் இன்னும் சிலரும் ஊர் ஊராகச் சைக்கிளில் திரிந்து, இரத்தம் தர விரும்பியவர்களின் பெயர், விலாசம், இரத்த வகை எல்லாம் எழுதிவந்தார்கள். தங்கள் பெயர் கலியாண மட்டையில் ஏறுவதைக் கண்டு சனம் சிரித்தது. எல்லாம் சேர்ந்து ஐந்நூறு மட்டைக்கு மேல் வந்தது. இரத்த வகைக்குச் சில துளை, வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்று விலாசத்துக்குச் சில துளை. முதல் தரம் கம்பியைத் தூக்கி, கேட்ட மட்டைகள் சொன்னபடி மேசையில் விழுந்தபோது பத்மாசினி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

ஒன்றரை வருடம் அந்தப் பெட்டி நன்றாகத்தான் ஓடியது. டொக்டர் ஆள் அனுப்புவார், அவள் கம்பியைக் கோப்பாள், பஞ்சலிங்கம் சைக்கிளை எடுப்பான். ஓர் ஆளைக் காணாவிட்டால் அடுத்த ஆளிடம் போவான். எல்லாருக்கும் இருக்கிற வகை என்றால் அடுத்த ஆளுக்கு என்ன பஞ்சம்? ஆகவே காணாமற்போன ஆட்களைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை, பத்மாசினியும் படவில்லை.

தொண்ணூற்றிரண்டில் குணலட்சுமி இரண்டாவது பிள்ளையைச் சுமந்தாள். ஏழாம் மாதம் சோதித்துப் பார்த்த டொக்டரின் முகம் சரியில்லை. நச்சுக்கொடி கீழிறங்கி வழியை மறித்துக் கிடக்கிறது. கட்டாயம் வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுக்கவேண்டும், எடுக்கும்போது இரத்தம் ஆறாய்ப் போகும். குணலட்சுமியின் வகை ஓ நெகட்டிவ். நூறு பேரைப் பிடித்தால் இரண்டு மூன்று பேருக்கு இருந்தால் அதிசயம். வேறு எந்த வகையும் அவளுக்கு ஏற்காது.

"ரெண்டு பேராவது கூப்பிடு தூரத்திலை இருக்கவேணும்," என்றார் டொக்டர். "உடம்பு அசையாமல் படுக்கட்டும். எப்ப துவங்கும் எண்டு சொல்லேலாது. துவங்கினால் ஒரு மணித்தியாலம், கூடினால் ரெண்டு. அதுக்குள்ளை ஆள் வராட்டில் என்னாலை ஒண்டும் செய்யேலாது."

பத்மாசினி அன்று பின்னேரமே கம்பியைக் கோத்தாள். ஓ, பிறகு நெகட்டிவ். விழுந்த மட்டைகள் ஒரு கைப்பிடிகூட இல்லை. விலாசங்களைப் பார்த்தாள். மயிலிட்டி, பலாலி, பருத்தித்துறை. பக்கத்தில் ஒருவரும் இல்லை. மயிலிட்டியும் பலாலியும் இராணுவத்தின் கையில் போய் இரண்டு வருடம். அங்கிருந்து எழும்பின சனம் எந்த மூலையில் இருக்கிறதோ? போய்ப் பார்க்கக்கூடியதென்றால் பருத்தித்துறை ஒன்றுதான். நாகலிங்கம் என்று ஒரு பெயர்.

பஞ்சலிங்கம் விடியப் புறப்பட்டான். மறுநாள் மத்தியானம், முகமெல்லாம் புழுதியாக வந்து வாசற்படலையில் சைக்கிளைச் சாத்தினான்.

"அக்கா, அந்த ஆள் அங்கை இல்லை. தாய் மனிசிதான் இருக்கிறா. மோன் கலியாணம் முடிச்சு நாலைஞ்சு வருசமா மானிப்பாயிலையாம். எங்கடை சந்தைக்குப் பின்னாலை."

பத்மாசினி அவனுக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே சந்தைக்குப் பின்னால் போனாள். நாகலிங்கம் முற்றத்தில் ஒரு நீரிறைக்கும் எஞ்சினைக் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு இருந்தார். அவள் படலையில் நின்றபடியே தொடங்கினாள்.

"நீங்கள்தானே நாகலிங்கம்? ஒரு பிள்ளைத்தாச்சி உயிருக்குத் தவிக்கிறாள். நீங்கள் பொய் விலாசம் தந்து எங்களை அலைக்கழிக்கிறியள்."

அந்த மனிதர் எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றார். "தங்கச்சி, பொய் எண்டு சொல்லாதையுங்கோ. அதுதான் எங்கடை வீட்டு விலாசம். நான் பிறந்த வீடு. அம்மா அங்கை இருக்கிறா."

"நீங்கள் இஞ்சை இருக்கிறியள்."

"இது வாடகை வீடெல்லே. இதைப் போய் ஆரும் விலாசம் எண்டு எழுதுவினமோ?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் முத்துக்குமாரு அண்ணையின்ரை மகள்தானே? நீங்களும் வாடகைக்குத்தான் இருக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன். நீங்கள் என்ன விலாசம் எழுதினனீங்கள்?"

பத்மாசினி அந்தப் பேச்சை விட்டு, இரத்தம் தருவீர்களா என்று கேட்டாள். அவருக்கு மாசியில் மலேரியா வந்ததாம், இப்போதைக்கு இரத்தம் தரமுடியாதாம். அதையும் கேட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் இருந்து தன் மட்டையை எடுத்தாள். அவளும் இரத்தம் கொடுக்கிறவள்தான். தன் கையெழுத்திலேயே, பிசகில்லாமல், பருத்தித்துறை விலாசம் எழுதியிருந்தாள். அப்போதே மானிப்பாயில் நாலு வருடம் உண்டு உறங்கியிருந்தும், மானிப்பாய் என்று எழுத ஒரு கணமும் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? யாழ்ப்பாணத்தில் இருக்கிற இடம் வேறு, விலாசம் வேறு. பூர்வீக வீடுவளவுதான் விலாசம். கலியாணம் கட்டிப் போனாலும், வாடகைக்கு இருந்தாலும், குண்டு விழுந்து எழும்பி வந்து பள்ளிக்கூட விறாந்தையில் படுத்தாலும், கேட்டால் அந்த வளவைத்தான் சொல்வார்கள். மற்றதைச் சொன்னால் அந்த வளவை விட்டுக்கொடுத்ததாகிவிடும். பஞ்சலிங்கமும் மற்றவர்களும் கேட்டதை எழுதினார்கள், சனம் கேட்டதற்கு உண்மையே சொன்னது. பிழை பெட்டி கீறியவளுடையது.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் உடுவிலுக்குப் போய், பாயில் கிடந்த குணலட்சுமியின் அருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் உயிர் தன் கைப்பிழையில் தொங்குகிறது என்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

குணலட்சுமி சிரித்தாள். "முதல் கேள்வியைப் பிடி, முதல் கேள்வியைப் பிடி எண்டு என்னை எத்தினை தரம் பேசியிருப்பியள் ரீச்சர்."

"பேசு. நல்லாப் பேசு."

"பேசேல்லை. கேள்வி என்ன? இந்த நேரம் இந்த ஆள் எங்கை நிக்கிறார் எண்டதுதானே?"

"ஓம். இப்ப இருக்கிற இடத்தைக் கேட்டு எழுதவேண்டியதுதான்."

"சொல்லமாட்டினம் ரீச்சர். இப்போதைக்குத்தான் இஞ்சை, வாற மாசம் ஊருக்குப் போயிடுவம் எண்டுதான் சொல்லுவினம். சொன்னாலும் ஒரு மாசத்திலை வேறை ஆரும் சொந்தக்காரர் வீட்டை போயிடுவினம். வந்து எங்களுக்கோ சொல்லப்போகினம்?" குணலட்சுமி பாயில் ஒருக்களித்துத் திரும்பினாள். "சங்கக்கடைக்குச் சொல்லாமல் மட்டும் போகாயினம். கூப்பனை மாத்தாட்டில் அரிசியும் மாவும் வராதெல்லே."

பத்மாசினி அவளையே பார்த்தாள். குடாநாட்டில் இருந்த எவரும் ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் பதிந்துதான் உணவுப்பொருள் எடுக்கவேண்டும். இடம் மாறினால் அந்தக் கிழமையே பதிவையும் மாற்றிவிடுவார்கள். வயிறு சும்மா விடுமா? அதோடு, எந்தக் கடை முகாமையாளருக்கும் தன் கடைக்கு வருகிற சனம் எந்தச் சந்தில், எந்த ஒழுங்கையில், எந்த வளவில் இருக்கிறது என்பது அத்துப்படி.

அவளுடைய மூளை பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது. மட்டையில் ஒரு வில்லங்கம் உண்டு. வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்டமுடியாது. இரத்த வகை சாகும்வரை மாறாது, அதை வெட்டலாம். சங்கக்கடை மாறிக்கொண்டே இருக்கும். அதை வெட்டினால் மாதம் ஒரு புது மட்டை வேண்டும்.

"அப்ப மாறாததை வெட்டுவம், மாறுறதைக் கட்டுவம்," என்றாள். "ஒவ்வொரு சங்கக்கடைக்கும் ஒரு கட்டு. ஆள் மாறினால் மட்டையை இந்தக் கட்டாலை எடுத்து மற்றக் கட்டுக்குள்ளை வைச்சால் சரி."

"நெகட்டிவ் ஆக்களை முதல் பாருங்கோ," என்றாள் குணலட்சுமி. "மற்றவை இருக்கினம்தானே."

சங்கக்கடைகளில் மா, சீனி கொடுக்கிற நாளாகப் பார்த்துப் பஞ்சலிங்கமும் கூட்டாளிகளும் வரிசையோடு வரிசையாக நின்றார்கள். இரத்தம் கொடுக்கப் பதிந்தவர்கள் உண்டா என்று முகாமையாளர்கள் குரல் கொடுத்தார்கள். புது விபரம் எடுக்கும்போது சனம் பழக்கதோஷத்தில் பூர்வீக விலாசத்தையே முதலில் சொன்னது. வேண்டாம், கடைப் பெயரைச் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினால் முகம் சுருங்கிவிடும், பிறகு ஒன்றும் வராது. ஆகவே பத்மாசினி பழைய விலாசத்துக்கும் ஒரு வரி விட்டாள். அதை முதலில் கேட்கவேண்டும், ஆறுதலாக எழுதவேண்டும், அதற்குப் பிறகுதான் கடை. முதல் வரி அவர்களுக்கு, இரண்டாவது வரி எங்களுக்கு என்று பஞ்சலிங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த வரிக்குத் துளை இல்லை. பழைய சைக்கிள் ரியூப்பை வளையம் வளையமாக வெட்டி, கட்டுகளைச் சுற்றிப் போட்டாள். குணலட்சுமி படுத்தபடியே மட்டைகளைப் பிரித்துக் கொடுத்தாள்.

வேலை பாதிதான் முடிந்திருந்தது, வந்த மட்டைகளைக் கம்பியில் கோத்துப் பார்க்க இன்னும் நேரம் வரவில்லை. ஒரு காலை, பத்து மணி இருக்கும். தம்பிஐயா மருத்துவமனையில் இருந்து சைக்கிளில் பறந்துவந்து பத்மாசினியின் படலையில் நின்றார்.

"தங்கச்சி, துவங்கிட்டுது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டந்திட்டம். டொக்டர் ஆக்களை அனுப்பட்டாம்."

பத்மாசினி மானிப்பாய்க் கட்டை எடுத்துக் கம்பியைக் கோத்தாள். இரண்டு மட்டை விழுந்தன, ஒன்று மலேரியா வந்த நாகலிங்கத்தினுடையது. மற்றது, பலாலியில் இருந்து எழும்பி வந்து சந்தையில் தேங்காய் விற்கும் ஓர் ஆள். தம்பிஐயாவை அங்கே ஓடச் சொன்னாள். சண்டிலிப்பாய்க் கட்டில் ஒன்றும் விழவில்லை. ஆனைக்கோட்டையிலும் இல்லை. உடுவில் கட்டைக் கோத்துத் தூக்கினாள். ஒரே ஒரு மட்டை மேசையில் விழுந்தது. லூர்த்தம்மா. முதல் வரியில் மயிலிட்டி. இரண்டாவது வரியில் உடுவில் சங்கக்கடை, முகாமையாளர் சொன்ன ஒழுங்கை.

அந்த ஒழுங்கையை அவளுக்குத் தெரியும். குணலட்சுமி வீட்டின் பின்வேலிக்கு அந்தப் பக்கம்.

பஞ்சலிங்கம் புறப்பட்டான். அவனுக்கு மேலே விமானம் ஒன்று வட்டமிடத் தொடங்கியது. ஒழுங்கை முகப்பில் ஒரு பெண் தலையில் குடமும் கையில் வாளியுமாக, தூரத்துப் பொதுக்கிணற்றில் இருந்து தண்ணீர் சுமந்துகொண்டு வந்தாள். அவளிடமே லூர்த்தம்மா இருக்கும் ஓலைக்கொட்டில் எது என்று விசாரித்தான். நான்தான் என்றாள். விசயத்தைச் சொன்னான். அவள் குடத்தையும் வாளியையும் வேலியோரம் இறக்கினாள், ஈரக்கையைச் சீலையில் துடைத்தாள், சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். விமானம் தாழ்ந்தபோது இரண்டு தரம் மதகுக்குள் பதுங்கவேண்டி இருந்தது. இரண்டு தரமும் அவள்தான் முதலில் எழும்பி, "வா தம்பி, நேரம் போகுது" என்றாளாம்.

தேங்காய்க்காரரின் இரத்தம் ஏறி முடியவும் லூர்த்தம்மா வந்து கட்டிலில் படுக்கவும் சரியாக இருந்தது. பத்மாசினி சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே சுவரோடு சாய்ந்து நின்றாள். அவளுக்குக் கடவுள் பக்தி பெரிதாக இல்லை. ஆனாலும் நின்ற இடத்தில் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டாள். உள்ளே இருந்து பிள்ளையின் அழுகை வந்தது. அதற்குப் பிறகும் வெகுநேரம் கதவு திறக்கவில்லை. திறந்தபோது டொக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "ரெண்டும் பிழைச்சுது" என்றார். "ரெண்டாவது ஆள் வரப் பிந்தியிருந்தால் பிள்ளை மட்டும்தான்."

லூர்த்தம்மா விறாந்தை மரவாங்கில் கையை மடித்துப் பிடித்தபடி, யாரோ கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாள். பத்மாசினி போய் அருகே உட்கார்ந்தாள். நன்றி என்று சொல்ல வந்தவளுக்கு அது காணாது போலிருந்தது.

"மயிலிட்டியாலை வந்தவை எண்டு ரெண்டு வருசமா ஆரார் எல்லாமோ வந்து எங்களை எழுதிக்கொண்டு போனவை," என்றாள் லூர்த்தம்மா. "எழுதினதோடை சரி. இண்டைக்குத்தான் நான் இருக்கிற இடத்துக்கு, என்ரை பேரைச் சொல்லித் தேடிக்கொண்டு ஒராள் வந்தது."

பத்மாசினிக்கு அழுகை வந்தது. ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதாள். லூர்த்தம்மாதான் அவளுடைய முதுகைத் தடவிவிட்டாள்.

மறுநாள் குணலட்சுமி கண்ணைத் திறந்து கதைக்கத் தொடங்கினாள். பிள்ளையைப் பார்த்தாள், ஆண் பிள்ளை. தம்பிஐயா கால்மாட்டில் நின்றார். அவள் முதலில் கேட்டது இரத்தம் தந்தது யார் என்றுதான். பத்மாசினி தேங்காய்க்காரரைச் சொன்னாள், பிறகு லூர்த்தம்மாவைச் சொன்னாள்.

"உங்கடை பின்னொழுங்கையிலைதான் கொட்டில் போட்டு இருக்கிறா. தெரியாதோ?"

"கண்டிருக்கிறன் ரீச்சர்," என்றாள் குணலட்சுமி. "எங்கடை வேலிக்கரையாலைதான் ஒவ்வொரு நாளும் தண்ணி சுமந்துகொண்டு போவா. கதைச்சதில்லை."

அந்தக் கட்டிலைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் அது ஏன் என்று தெரியும். உடுவிலில் வேளாளக் கமக்கார வீட்டுக் கிணறு சாதி பார்த்துத்தான் திறக்கும். மயிலிட்டிக் கடற்கரைச் சனம் இரண்டு வருடமாக அந்த வளவுகளைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீருக்குப் போய்வந்தது. பத்மாசினியும் கடற்கரையில் பிறந்தவள்தான்.

குணலட்சுமி தலையைத் திருப்பிப் புருசனைப் பார்த்தாள். குரல் எழும்பவில்லை, ஆனால் சொல் தெளிவாக இருந்தது.

"இஞ்சை பாருங்கோ. நான் வீட்டை வர முதல் அந்தப் பின்வேலியிலை ஒரு படலை வையுங்கோ. அவ எங்கடை கிணத்திலை அள்ளட்டும்."

தம்பிஐயா பிள்ளையைப் பார்த்தார், மனைவியின் வெளுத்த முகத்தைப் பார்த்தார். ஓம் என்றார். அன்று பின்னேரமே வேலியைப் பிரித்தார்.